பிள்ளைக்கு வரலையா, போனுக்கு வரலையா? சிறப்புத் தேவையுள்ள மாணவர்களின் ஆன்லைன் பாடமும் தேர்வும் தடைப்படும்போது

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் சில ஆண்டுகள், அப்புறம் தளி, அஞ்செட்டிப் பக்கம் சில ஆண்டுகள் என்று சிறப்புப் பயிற்றுநராக வீடு வீடாகப் போய் வருகிறேன். "இவனுக்கு ஆன்லைன் எல்லாம் ஒத்துவராது, விட்டுடுங்க டீச்சர்" என்ற பேச்சை எத்தனையோ திண்ணைகளில் கேட்டாகிவிட்டது. அந்த வீடுகளில் போனை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி அளவு அடியில் கிடக்கும். இல்லையென்றால் தமிழ்க் குரல் இறங்கியிருக்காது, அல்லது பள்ளியிலிருந்து வந்த கேள்வித்தாள் வெறும் போட்டோவாக இருக்கும்.

அதனால் இங்கே வரிசை எப்போதும் ஒன்றுதான்: கருவி, அமைப்பு, கேள்வித்தாள், சான்றிதழ். காசில்லாத வேலை முதலில், செலவு வைக்கும் வேலை கடைசியில். இவை எல்லாம் சரியாக இருந்தும் முடியவில்லை என்றால்தான் பிள்ளையின் பக்கம் திரும்ப வேண்டும். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

## அறிகுறி 1: கண் தெரியாத பிள்ளை, போன் வாசிக்கவில்லை, அல்லது உளறுகிறது

### தொட்டால் சத்தமே இல்லை

ஒலி கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் என்ற ஆண்ட்ராய்டு வசதி விழித்துக்கொள்ளும். முதல் தடவை அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு ஒரே போன் என்றால் இது வாராவாரம் வரும். அப்பா பெங்களூரில் கட்டட வேலை முடித்து சனிக்கிழமை வருவார். போனைத் தொடுவார், ஒரு தட்டில் எதுவும் திறக்காது. டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு வாசிக்கும், இரண்டு தட்டுதான் திறக்கும். அது அவருக்குத் தெரியாது. போன் கெட்டுவிட்டது என்று கடையில் கொடுப்பார், கடைக்காரர் டாக்பேக்கை அணைத்துத் தருவார். திங்கட்கிழமை காலை பிள்ளைக்குப் போன் ஊமையாகிவிடும். அந்த இரண்டு பொத்தான் வித்தையை வீட்டில் பாட்டி வரைக்கும் எல்லாருக்கும் காட்டிக் கொடுங்கள். வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது அணைக்கலாம். சண்டையும் இராது, கடைக்குக் காசும் இராது.

டாக்பேக் ஓடுகிறது, ஆனாலும் குரல் இல்லையா? அதன் குரலுக்குத் தனி ஒலி அளவு உண்டு. வீடியோ சத்தமாக ஓடும், டாக்பேக் மட்டும் முணுமுணுக்கும். அது பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிப் பொத்தானை அழுத்தினால்தான் அந்த அளவு ஏறும்.

ஆங்கிலம் வாசிக்கிறது, தமிழ் வந்தால் மட்டும் மௌனமா? தமிழ்க் குரல் இறங்கவில்லை. அமைப்புகளில் அணுகல்தன்மைக்குப் போய், எழுத்தைப் பேச்சாக மாற்றும் பகுதியைத் திறந்து, கூகுள் குரலைத் தேர்ந்தெடுத்து, தமிழ் இந்தியா குரல் தரவை இறக்குங்கள். ஓசூர், தளிப் பக்கம் போன் பல வீடுகளில் கன்னடத்திலோ தெலுங்கிலோ அமைந்திருக்கும். மொழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கினால் போதும், அப்புறம் இணையம் இல்லாமலும் வாசிக்கும்.

அழைப்பு மணியும் கேட்கவில்லை என்றால் அது ஸ்பீக்கர் பழுது. அதற்கு மட்டும் கடைக்குப் போங்கள்.

### வாசிக்கிறது, ஆனால் புரியாத எழுத்துகளாக உளறுகிறது. அல்லது "படம்" என்று மட்டும் சொல்கிறது

இது போனின் குற்றமோ பிள்ளையின் குற்றமோ இல்லை. கோப்பைத் தயாரித்த விதம்தான் காரணம். ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கேள்வித்தாள் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுங்கள். நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள்.

தமிழாகவே ஒட்டினால் அது யூனிகோடு, எல்லாக் கருவிக்கும் புரியும் பொது எழுத்து முறை. டாக்பேக் வாசிக்கும், சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது.

ஆங்கில எழுத்துக் குப்பையாக ஒட்டினால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த "அம்மா" கண்ணுக்கு அம்மாதான். காதுக்கு அது "எம், கே, செமிகோலன், கே, எச்". கண் தெரியாத ஒரு பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேள்வி ஏதோ குறியீட்டில் கேட்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதல் வேண்டுகோள் இதுதான்: கேள்வித்தாளை யூனிகோடில் அடியுங்கள். ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு மாற்றியில் போட்டால் பெரும்பகுதி மாறிவிடும். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும்.

எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். கணினியில் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும். நிழல் விழாமல் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாக இருந்தால் நன்றாக வரும். அட்டவணை, கணிதச் சமன்பாடு, வரைபடம் ஆகியவை உடைந்துபோகும். அவற்றை ஓர் ஆசிரியர் சொற்களில் எழுதித் தர வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

கூகுள் படிவத்தில் வைக்கும் சிறு தேர்வுகளில் இதன் தம்பி ஒன்று உண்டு. கேள்வியைத் தட்டச்சு செய்துவிட்டு நான்கு விடைகளையும் படமாகப் போட்டுவிடுவார்கள். டாக்பேக் கேள்வியை அழகாக வாசித்துவிட்டு விடைகளில் நின்றுவிடும். படத்தின் கீழே விடையை எழுத்தாகவும் சேர்க்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. படிவம் அனுப்பும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இன்னொன்று: டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தேர்வை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

### கொஞ்சம் தெரியும், ஆனால் திரையில் தெரியவில்லை

எழுத்து அளவையும் காட்சி அளவையும் கூட்டுங்கள். கறுப்புப் பின்னணிக்கு மாற்றிப் பாருங்கள்; சில பிள்ளைகளுக்கு அது வரம், சிலருக்கு இன்னும் மோசம். கேட்டுத்தான் வைக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி இடத்தை மாற்றுங்கள். கணினி என்றால் விண்டோஸ் விசையோடு கூட்டல் குறி, உருப்பெருக்கி திறக்கும்.

முன்பு தெரிந்த அளவு இப்போது தெரியவில்லை, தலையைச் சாய்த்துப் பார்க்கிறான், தலைவலிக்கிறது என்கிறான் என்றால் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அதே வாரம் அரசு மருத்துவமனை கண் பிரிவில் காட்டுங்கள்.

### பள்ளியின் ஹைடெக் லேபில் வாசிக்கவில்லை

என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் அந்தக் கணினியில் இருக்காது, நிறுவவும் அனுமதி கிடைக்காது. அதைப் பென் டிரைவிலேயே வைத்து ஓட்டலாம். தமிழ்க் குரல் அதில் உண்டு, இயந்திரக் குரல்தான். காது பழகச் சில வாரம் ஆகும். தேர்வு நாளன்று முதல் தடவையாகக் கேட்கவைத்தால் எந்தப் பிள்ளைக்கும் புரியாது. பென் டிரைவே ஏற்காத கணினி என்றால் தலைமையாசிரியர் வழியாக லேப் பராமரிப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பாவது கேட்க வேண்டும்.

## அறிகுறி 2: காது கேளாத பிள்ளை; வகுப்பு ஓடுகிறது, பாடம் போய்ச் சேரவில்லை

### காது கருவி இருக்கிறது, இருந்தும் கேட்கவில்லை

முதலில் பேட்டரி. ஆரஞ்சு ஒட்டி உள்ளது 13-ஆம் எண் அளவு, நீல ஒட்டி உள்ளது 675-ஆம் எண் அளவு. மாற்றிப் போட்டால் பொருந்தாது. ஒட்டியைப் பிரித்ததும் உடனே மூடிவிடாமல் ஒரு நிமிடம் காற்றுப் படவிடுங்கள். அந்த பேட்டரி காற்றை எடுத்துத்தான் வேலை செய்யும்.

அடுத்து காது அச்சு, அதாவது காதுக்குள் பொருந்தும் பகுதி. அதைக் கருவியிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். கருவியில் தண்ணீர் படக் கூடாது. மழைக்காலத்தில் குழாய்க்குள் நீர்த்துளி நிற்கும், ஊதி வெளியேற்றுங்கள்.

ஹெட்செட் மாட்டினால் கீச்சென்று கத்துகிறதா? காது கருவியின் மைக் காதுக்குப் பின்னால் மேலே இருக்கிறது. ஹெட்செட்டை இறுக்கி அழுத்தாமல், மைக்கையும் மூடும்படி சற்று மேலே தூக்கி வைத்துப் பாருங்கள். அப்படியும் கத்தினால் அச்சு தளர்ந்திருக்கும். பிள்ளை வளர வளரக் காதும் வளரும், அச்சு புதிதாக எடுக்க வேண்டியதுதான்.

புது பேட்டரி, சுத்தமான அச்சு, இருந்தும் சத்தமில்லை என்றால் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்பியல் நிபுணரிடம் கொண்டுபோங்கள். காதில் சீழ், வலி, ரத்தம் இருந்தால் கருவியை மாட்டாமல் அன்றைக்கே.

### உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளை

ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும். விளக்கு முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். பிள்ளையின் திரையில் ஆசிரியரின் கட்டத்தைப் பின் (pin) செய்து, அதாவது நகராமல் நிறுத்தி, பெரிதாக்குங்கள். இல்லாவிட்டால் யார் இருமினாலும் படம் அவர் பக்கம் தாவும். சைகை மொழி பெயர்ப்பவர் இருந்தால் அவரையும் பின் செய்யுங்கள். சிக்னல் குறைந்து படம் உறைந்தால் உதடு படிக்க முடியாது. அப்போது வகுப்பைத் தொடர்வதைவிட, பாடத்தின் முக்கிய வரிகளை எழுத்தில் அனுப்பச் சொல்வது மேல்.

படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைத் தமிழில் வைத்து ஆசிரியர் குரலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பேசப் பேச எழுத்தாக வரும். நம் ஊர்ப் பேச்சில் தடுமாறும், பெயர்களைத் தப்பாக எழுதும். "இது முழுக்கச் சரியாக இருக்காது" என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தப்பான சொல்லை நம்பிப் பாடத்தைப் படித்துவிடும்.

சைகை மொழியில் பாடச் சொல் தெரியவில்லை என்றால் இந்திய சைகை மொழி ஆய்வு பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000 சொற்களுக்கு வீடியோ இருக்கிறது. மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சி வரிசையான பிஎம் இ-வித்யாவில் சைகை மொழிக்கென்றே 31-ஆம் எண் சேனல் 2024 டிசம்பரில் தொடங்கியது.

## அறிகுறி 3: கை கட்டுப்படவில்லை, தொடுவது ஒன்று, திறப்பது ஒன்று

மூளை முடக்குவாதம், தசைநோய் உள்ள பிள்ளைகளிடம் இதைப் பார்ப்பேன். போனைத் தொடுமுன் உட்காரும் விதத்தைப் பாருங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் கை நடுங்கும். பாதத்துக்கு அடியில் ஒரு பலகையோ நான்கு செங்கல்லோ வையுங்கள். முழங்கை மேசையில் ஊன்ற வேண்டும். போன் வழுக்காமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடுங்கள். இந்த மூன்றும் முடிந்தாலே பாதி நடுக்கம் அடங்கியதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். செலவு ஒன்றுமில்லை.

அடுத்து அமைப்பு. அணுகல்தன்மையில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக வையுங்கள். சில போன்களில் அடுத்தடுத்த தொடுதலை ஒதுக்கும் வசதியும் உண்டு. கணினியில் ஷிஃப்ட் விசையை ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த முடியாத பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ். நடுக்கத்தில் ஒரே எழுத்து பத்துத் தடவை விழுவது நிற்கும்.

தட்டச்சே முடியாது என்றால் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசச் சொல்லுங்கள். பேச்சு குழறும் பிள்ளைக்கு இது உதவாது. ஒரு வாரம் முயன்றும் சொல்லுக்குச் சொல் திருத்த வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள், பிள்ளை நொந்துபோகும். பிள்ளை சொல்வதைக் கேட்டு எழுதுபவரைப் பழக்குவதுதான் அங்கே வழி.

உடம்பு ஒரு பக்கம் இழுக்கிறது, முதுகு வளைகிறது, அரை மணி நேரத்தில் வலிக்கிறது என்றால் வட்டார வள மையத்துக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்காலியைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றுவது அவர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

## அறிகுறி 4: ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடுகிறான், காதைப் பொத்துகிறான், அழுகிறான்

முதலில் சத்தம், வெளிச்சம். குக்கர் விசில், மினுக்கும் டியூப் லைட், காதை அழுத்தும் ஹெட்செட். ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நீக்கினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

அடுத்து திரை. அறிவிப்புகளை நிறுத்துங்கள். செயலியைப் பின் செய்துவிட்டால் யூடியூபுக்குத் தாவ முடியாது. தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டத்தை மறைத்துவிடுங்கள். நாற்பது நிமிட வகுப்பை எட்டு எட்டு நிமிடமாக வெட்டி, நடுவே தண்ணீர் கொண்டுவருவது போன்ற ஒரு வேலை கொடுங்கள். எவ்வளவு நேரம் பாக்கி என்று மணல் கடிகாரம் போலக் கண்ணால் பார்க்கக் கிடைத்தால் பல பிள்ளைகள் அமைதியாகிவிடுகிறார்கள்.

அப்புறம் மொழி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. தளிப் பக்கம் ஒரு பையன் எந்தத் தேர்விலும் முதல் கேள்வியிலேயே எழுந்துவிடுவான். கவனம் இல்லை என்று குறிப்பெழுதியிருந்தார்கள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். "பொருத்தமான விடையைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற வரி அவனுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. "சரியானதைத் தொடு" என்று மாற்றிக் கொடுத்தோம், அவன் பாட்டி கன்னடத்தில் ஒருமுறை சொன்னார். அன்று ஏழு கேள்வி வரை உட்கார்ந்தான். அறிவுசார் குறைபாடு என்று எழுதுமுன் வீட்டில் என்ன மொழி என்று கேட்டுவிட வேண்டும்.

புது இடத்தில் தேர்வு என்றால் ஒரு வாரம் முன்பே அந்த அறைக்குக் கூட்டிப்போய், எந்த நாற்காலி, எங்கே கழிப்பறை என்று காட்டி, போட்டோ எடுத்து வந்து தினமும் காட்டுங்கள்.

தன்னைத் தானே அடித்துக்கொள்கிறான், தூக்கமில்லை, இரண்டு வாரமாகக் கூடிக்கொண்டே போகிறது என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டுங்கள்.

வலிப்பு உள்ள பிள்ளை திரை முன்னால் விழித்தபடி உறைந்துபோனால் திரையை அணையுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இரும்புச் சாவி வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மாத்திரையால் காலையில் தூங்குகிறான் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் வேளையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

## அறிகுறி 5: வாயால் எல்லாம் சொல்கிறான், திரையில் எல்லாம் தப்பு

ஒரு திரையில் ஒரு கேள்வி மட்டும் வையுங்கள். வரிகளுக்கு இடைவெளி கூட்டுங்கள். கேள்வியைக் குரலில் கேட்கவைத்துப் பாருங்கள். கேட்டால் சரி, படித்தால் தப்பு என்று தொடர்ந்து வந்தால் கற்றல் குறைபாடு இருக்கலாம். எட்டாம் வகுப்புக்குள் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோங்கள். பத்தாம் வகுப்பு அரையாண்டில் கண்டுபிடித்து ஓடினால் சான்றிதழ் வாங்கவே நேரம் போய்விடும்.

## அறிகுறி 6: சிக்னல் இல்லை

வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிக் காட்டோரக் கிராமங்களில் இதற்கு வீட்டில் மருந்து இல்லை. நேரலை வகுப்பைத் துரத்தாதீர்கள். அரசின் இலவசப் பாடச் செயலியான தீக்ஷாவில் பாடத்தைப் பள்ளியிலேயே இறக்கி வீட்டில் பாருங்கள். கூகுள் படிவத் தேர்வு என்றால் கூகுள் கணக்கில் நுழைந்து எழுதட்டும். பாதியில் அறுந்தாலும் எழுதியது வரைவாக இருக்கும். மதிப்பெண் உள்ள எந்தத் தேர்வையும் வீட்டுச் சிக்னலை நம்பி வைக்கக் கூடாது, பள்ளிக்கு வரவழையுங்கள். நடக்க முடியாத பிள்ளை என்றால் தாளில் எழுத வழி கேளுங்கள்.

## அறிகுறி 7: தேர்வில் நேரம் போதவில்லை, சலுகை கிடைக்கவில்லை

மற்ற சிக்கல்களை மறுநாள் சரிசெய்யலாம். இதற்கு மறுநாள் கிடையாது.

### கடிகாரம் முந்திக்கொண்டது, தானாகச் சமர்ப்பித்துவிட்டது

கணினித் தேர்வில் கூடுதல் நேரம் இயந்திரத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கண்காணிப்பாளர் வாயால் சொன்னால் இயந்திரத்துக்குக் கேட்காது. தொடங்குமுன் திரையில் மொத்த நிமிடத்தைப் பார்க்கப் பழக்குங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணித் தேர்வு 180 அல்ல, 240 நிமிடம் காட்ட வேண்டும். இரண்டு மணிக்கு 160. 180 என்று நின்றால் தொடக்கப் பொத்தானை அழுத்தாமல் கையைத் தூக்க வேண்டும். அழுத்தியபின் திருத்துவது மிகக் கடினம்.

எழுதுபவரை வைத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் இந்த நேரம் உண்டு. "அவனே எழுதுறான், அவனுக்கு எதுக்கு" என்று யாரும் சொன்னால் ஏற்காதீர்கள்.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் போன்ற தேர்வுகளில் விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற இடத்தில் "ஆம்" போட்டால்தான் ஒரு மணி நேரம் கூடும். பொதுச் சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அந்த இடத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். திருத்தம் செய்யும் நாள் தாண்டினால் வாய்ப்பு போய்விடும்.

### அனுமதிச் சீட்டில் சலுகையே இல்லை

பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு இந்தச் சலுகைகளுக்கான விண்ணப்பம் போக வேண்டும்: கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. நான் பார்த்தவரை விண்ணப்பம் நின்றுபோவதற்கு முதல் காரணம் இனிஷியல். ஆதாரில் பின்னால், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸில் முன்னால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி அட்டையில் அப்பா பெயர் முழுதாக. பெயர், பிறந்த தேதி, இனிஷியல் மூன்றையும் ஒன்பதாம் வகுப்பு விடுமுறையிலேயே ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் காலாவதி. சிறு வயதில் தந்த சான்றிதழ் தற்காலிகமானதாக இருக்கலாம், கடைசித் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்க மருத்துவக் குழு முன் போக வேண்டும். வட்டார முகாம் எப்போது என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, பள்ளியில் யாருக்கும் நினைவில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலகம், 14417 உதவி எண், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். இந்த வரிசையில் போங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள்.

### "40 சதவீதம் இல்லை, உங்களுக்குக் கிடையாது" என்கிறார்கள்

2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் எழுத்துத் தசைப்பிடிப்பு உள்ள ஒரு தேர்வர் வழக்கில், எழுதுபவர் வசதியைச் சான்றிதழில் 40 சதவீதக் குறைபாடு என்ற கணக்கோடு மட்டும் கட்டிவிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் 40-க்குக் குறைவானவர்களுக்கும் வழிகாட்டுதல் வந்தது. எழுதுவதில் சிரமம் என்று அரசு மருத்துவரின் சான்று வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, அந்தந்த ஆண்டுத் தேர்வு அறிவிப்பில் எழுதுபவர் பற்றிய பக்கத்தை முழுதாகப் படியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூடுதல் நேரத்தையும் எழுதுபவரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மனுவில் அந்தப் பிரிவை எழுதுங்கள்.

### எழுதுபவர் வந்தார், ஆனாலும் மதிப்பெண் வரவில்லை

இங்கே பழுது பயிற்சியில். சொல்லி எழுதவைப்பது தனிக் கலை. பன்னிரண்டு ஆண்டு தானே எழுதிய பிள்ளை பொதுத்தேர்வில் முதல் தடவையாக முன்பின் தெரியாத ஓர் ஆசிரியரிடம் சொன்னால் கூச்சத்தில் பாதியை விழுங்கிவிடும். அந்த ஆசிரியருக்கும் வேகம் பிடிபடாது. காலாண்டிலிருந்தே ஒவ்வொரு தேர்வையும் வேறு வேறு ஆளிடம் சொல்லி எழுதவையுங்கள். அத்தை, பக்கத்து வீட்டு அண்ணன், கல்லூரி போகும் அக்கா, யாராக இருந்தாலும் சரி. "புள்ளி", "புதுப் பத்தி", "அடிக்கோடு போடுங்க", "திரும்பப் படிங்க சார்" என்று கூச்சமில்லாமல் சொல்ல வர வேண்டும். கணக்கில் "பின்னத்தின் மேல் மூன்று, கீழ் எட்டு" என்று சொல்லும் பழக்கம் வர ஒரு மாதம் ஆகிறது. வரைபடம் எப்படிச் சொல்வது என்று பாட ஆசிரியரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

### தேர்வு மையத்தில் மறுக்கிறார்கள்

சத்தம் போடாதீர்கள், பிள்ளை உடைந்துவிடும். அனுமதிச் சீட்டு, யுடிஐடி அட்டை, சலுகை உத்தரவு மூன்றின் நகலையும் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, அவரையே பள்ளிக்கோ மேல் அலுவலகத்துக்கோ பேசச் சொல்லுங்கள். தேர்வு தொடங்க ஒரு மணி நேரம் முன்பே மையத்தில் இருந்தால்தான் இதற்கெல்லாம் நேரம் இருக்கும். அப்படியும் மறுத்தால் பிள்ளை தேர்வை எழுதட்டும், எழுதாமல் திரும்பிவிடாதீர்கள். முடிந்ததும் எந்த நேரத்தில் என்ன கேட்டோம், யார் என்ன சொன்னார்கள், எத்தனை நிமிடம் போனது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, மையத்தை விட்டு வெளியே வருமுன் கண்காணிப்பாளரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துத் தர மறுத்தால் அந்த மறுப்பையும் நேரத்தோடு அதே தாளில் எழுதி, அன்றைக்கே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.